ஐந்தாவது வாரிசு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் திருப்பலி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, கோயில் வாசல் வேப்பமரத்தடியில் ஓர் இளைஞர் நமக்காகக் காத்து நின்றார். பொறியியல் படித்தவர். வெளியூரில் பார்த்த வேலை போய்விட, ஊருக்குத் திரும்பி, வீட்டுமனை விற்கும் ஒருவரிடம் கமிஷனுக்குச் சேர்ந்திருக்கிறார். புதிதாக அச்சடித்த விசிட்டிங் கார்டு ஒன்றை நீட்டினார். அவருடைய பெயருக்குக் கீழே நேர்மை, நாணயம், நம்பிக்கை என்று மூன்று சொற்கள்.

"எல்லா கார்டுலயும் இதே மூணுதான் சாமி போட்டிருக்கான். இந்தத் தொழில்ல நான் நேர்மையானவன்னு தனியாத் தெரியணும்னா என்ன சாமி செய்யணும்?" என்று கேட்டார்.

விளையாட்டாகக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு விவரம் சொன்னார். நான்குவழிச் சாலைக்குப் பக்கத்தில் அவர்கள் போட்டிருக்கும் மனைகளுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி இன்னும் வரவில்லை. "கேட்டா அப்ரூவல் ஆயிருச்சுன்னு சொல்லு, அப்ளை பண்ணியிருக்கோம்ல, ரெண்டும் ஒண்ணுதான்" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். வாங்க வந்தவர்களில் ஒருவர் நம் பங்கைச் சேர்ந்த விதவைப் பெண். (இது ஒப்புரவு அருள்சாதனத்தில் கேட்டது அல்ல. மரத்தடியில் கேட்டது. அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறோம்.)

முதல் பாதிக்குப் பதில் எளிது. அன்றே சொல்லிவிட்டோம். அனுமதி கேட்டிருப்பதும் அனுமதி கிடைத்திருப்பதும் ஒன்றல்ல. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக்கூடாது என்று தடை போட்டபோது, நம் பங்குகளில் எத்தனை வீடுகளில் அழுகுரல் கேட்டது என்பது நமக்கு நினைவிருக்கிறது. மகளின் திருமணத்துக்கு விற்கலாம் என்று வாங்கிப் போட்ட மனையை விற்க முடியவில்லை. பணம் கட்டி வரன்முறைப்படுத்த அடுத்த ஆண்டில் வழி வந்தது என்றாலும், அதற்குள் பல திருமணங்கள் கடனில் நடந்து முடிந்திருந்தன. அந்த மனைகளை விற்றுக் கொடுத்தவர்கள் கமிஷனைச் செலவழித்து முடித்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதே 2016-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விற்கக்கூடாது. அதை விற்றுக் கொடுக்கும் முகவரும் தம்மைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவாகாத திட்டத்தை விற்றுக் கொடுத்தாலோ, இல்லாத அனுமதியை இருப்பதாகச் சொன்னாலோ, தவறு தொடரும் ஒவ்வொரு நாளைக்கும் 10,000 ரூபாய் அபராதம், மனை மதிப்பில் 5 விழுக்காடு வரை போகும். "தம்பி, முதலாளிக்காகப் பொய் சொன்னாலும் அபராதம் உங்கள் பெயருக்குத்தான் வரும்" என்றோம். அவர் முகம் வெளுத்தது.

ஆனால் தனியாகத் தெரிவது எப்படி என்ற கேள்விக்கு அன்று நாம் பதில் சொல்லவில்லை. சட்டத்துக்கு அஞ்சிப் பொய் சொல்லாமல் இருப்பவரை நேர்மையானவர் என்று சொல்லலாம், தவறில்லை. அவர் கேட்டது அதைவிடப் பெரியது. ரேடியோவில் சொல்கிறோம், கேளுங்கள் என்று அனுப்பினோம். தம்பி, இப்போது கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

திருவிவிலியத்தில் முதன்முதலாக நடக்கும் நில விற்பனையை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? தொடக்கநூல் 23-ஆம் அதிகாரம். சாரா இறந்துவிட்டார். ஆபிரகாம் அந்நிய நாட்டில் இருக்கிறார். மனைவியை அடக்கம் செய்ய அவருக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. எப்ரோன் என்பவருக்குச் சொந்தமான மக்பேலா குகை அவர் கண்ணில் பட்டிருக்கிறது. நேராகப் போய் எப்ரோனிடம் கேட்கவில்லை. ஊர்ப் பெரியவர்களான இத்தியரிடம் போய், எனக்காக எப்ரோனிடம் பரிந்து பேசுங்கள் என்கிறார். அதாவது, இடையில் ஆள் வைக்கிறார். ஆகவே தரகு என்பது நம் காலத்தில் முளைத்த தொழில் அல்ல. வெளியூர்க்காரனுக்கும் உள்ளூர்க்காரனுக்கும் நடுவில், இரண்டு பேரையும் தெரிந்த ஒருவர் வேண்டியிருக்கிறது. அதில் இழிவு ஏதும் இல்லை.

அந்த விற்பனை நடந்த விதத்தையும் பாருங்கள். நகர வாயிலில், எல்லாரும் கேட்க நடக்கிறது. நானூறு வெள்ளிக் காசு என்று எப்ரோன் விலை சொல்கிறார். அது அதிக விலை என்று விளக்கவுரை எழுதுகிறவர்கள் பலர் சொல்வார்கள். ஆபிரகாம் பேரம் பேசாமல், ஊர் கேட்க எடை போட்டுக் கொடுக்கிறார். வாங்கியது என்னென்ன என்று திருநூல் கிட்டத்தட்டப் பத்திரம் எழுதுகிறவரைப் போலவே எழுதிவைக்கிறது: நிலம், அதிலுள்ள குகை, நான்கு எல்லைக்குள் நிற்கும் மரங்கள் எல்லாம். இன்றைய பத்திரத்தில் மாவிடை, மரவிடை என்று எழுதுகிறோமே, அதே சங்கதி.

எல்லாரும் கேட்க. இந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டு நாம் இப்போது வேறொரு ஊருக்குப் போவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமப் பங்கில் நாம் பணியாற்றினோம். அதன் கிளைப்பங்கு ஒன்றில் மறைக்கல்விக்கும் கூட்டங்களுக்கும் ஒரு சமூகக் கூடம் வேண்டும் என்று மக்களுக்கு நெடுநாள் ஆசை. பீடி சுற்றும் பெண்கள் வாரக் கூலியில் ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் என்று எடுத்து வைத்தார்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்த பிள்ளைகள் அனுப்பினார்கள். ஐந்து ஆண்டுச் சேமிப்பு. அந்த நேரத்தில் ஊர் நடுவில், சாலையோரமாக 24 சென்ட் நிலம் விலைக்கு வந்தது. சென்ட் 70,000 ரூபாய். அக்கம்பக்கத்தில் ஒரு லட்சம் போய்க்கொண்டிருந்தது. விற்கிறவர்கள் நம் பங்கு மக்களே. "கோயிலுக்குத்தானே கொடுக்கோம்" என்றார்கள். நாமும் மனம் நெகிழ்ந்து, இறைவன் திறந்த கதவு என்று பீடத்திலிருந்தே சொன்னோம். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

இந்த நிலத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஒரு தரகர். பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்தவர், நம் சமயத்தைச் சேர்ந்தவர் அல்லர். கடையில் உட்கார்ந்தபடியே நிலம் விற்றுக் கொடுப்பார். கார்டு கிடையாது. நூற்றுக்கு ஒன்று என்று இரு பக்கமும் வாங்குவார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், நாமும் அப்படியே.

தாள்களில் எந்தக் குறையும் இல்லை. மூலப்பத்திரம் இருந்தது. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தோம், சுத்தம். பட்டா இறந்துபோன தகப்பனார் பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழில் தாயும் மூன்று மகன்களும் ஆக நான்கு பெயர். நான்கு பேரும் கையெழுத்துப் போடத் தயார். மறைமாவட்ட வழக்கறிஞரும் பார்த்துச் சரி என்றார்.

முன்பணம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு, எட்டரை மணி இருக்கும், அண்ணாச்சி பங்கு இல்லத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"சாமி, அந்த வீட்ல நாலு பேரு இல்ல. அஞ்சு பேரு."

நமக்குப் புரியவில்லை.

"ஒரு பொம்பளப்புள்ள இருக்கு சாமி. திருப்பூர்ல இருக்கு. வேற சாதிப் பையனைக் கட்டிக்கிட்டுப் போயிருச்சு. அதுக்கப்புறம் அந்த வீட்ல அது பேரே எடுக்க மாட்டாவ. சர்ட்டிபிகேட்லயும் எடுத்துட்டாவ."

பதினைந்து நாள் கழித்து அந்தப் பெண் வந்து வழக்குப் போட்டால் என்ன செய்வது என்பதுதான் நமக்கு முதலில் தோன்றியது. அதைக் கேட்டோம். அதற்கு அவர் சொன்ன பதிலை நாம் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறோம்.

"கேஸு போடாது சாமி. போடுததுக்கு அதுகிட்ட வசதி கெடையாது. வக்கீல் வைக்கவா, இங்க வந்து அலையவா? பனியன் கம்பெனிக்குப் போயிட்டிருக்கு. நீங்க கிரயம் முடிச்சுக் கட்டடம் கட்டினாலும் ஒண்ணும் ஆகாது. அதனாலதான் சொல்லுதேன்."

அதனாலதான். ஆபத்து இருக்கிறது என்று எச்சரித்திருந்தால் அது கெட்டிக்காரத்தனம். எந்த நல்ல தரகரும் செய்வார், தன் பெயர் கெடாமல் இருக்க. ஆபத்தே இல்லை என்று தெரிந்தும் அவர் சொன்னார். சொல்லாவிட்டால் மறுநாள் நம் பக்கம் மட்டும் 16,800 ரூபாய் அவருக்கு வரப்போகிறது, அந்தப் பக்கமும் அவ்வளவு. சொன்னதால் இரண்டும் போகும். அதோடு விற்கிறவர்களுடைய பகையும் சேரும்.

ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்டோம். அவர் புனிதராக நடிக்கவில்லை. "ஒரு மாசமா சொல்லலாமா வேண்டாமான்னுதான் கெடந்தேன். கமிஷன் கண்ணை மறைக்குல்லா சாமி. அந்தப் புள்ள என் கடைக்கு முன்னாலதான் பஸ் ஏறிப் போச்சு. ஒரு பை, அம்புட்டுதான். நேத்து ராத்திரி அது ஞாபகம் வந்துட்டு."

அவர் போன பிறகு நாம் அலமாரியைத் திறந்து பழைய திருமுழுக்குப் பதிவேட்டை எடுத்தோம். மூத்தவன் பெயர் இருந்தது. இரண்டாமவன் பெயர் இருந்தது. அடுத்து அவள் பெயர். தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், நமக்கு முன்பிருந்த குருவின் கையெழுத்து எல்லாம் தெளிவாக இருந்தன. அதற்குப் பிறகுதான் கடைசித் தம்பி. வட்டாட்சியர் அலுவலகத் தாளில் இல்லாத ஐந்தாவது வாரிசு நம் அலமாரியில்தான் இருந்தாள். நாம் திறந்து பார்க்கவில்லை. எந்தப் பதிவேடும் இல்லாத டீக்கடைக்காரர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் இதில் தெளிவானது. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக, மகன் மகள் வேறுபாடு இல்லாமல். 24 சென்ட்டில் தாய்க்கு 8. நான்கு பிள்ளைகளுக்கும் தலைக்கு 4. யாரைத் திருமணம் செய்தாள், வீட்டை விட்டுப் போனாளா, நகை போட்டு அனுப்பினார்களா என்பதெல்லாம் கணக்கில் வராது. நாம் கட்டப்போகும் கூடத்தில் 4 சென்ட் அவளுடையது. பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்க அந்த 4 சென்ட்டின் மேல்தான் பாய் விரித்திருப்போம்.

எண்ணிக்கை நூலில் செலொபுகாதின் புதல்வியர் ஐவர் மோசேயின் முன் வந்து நின்று தங்கள் தந்தையின் பங்கைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது சரி என்று ஆண்டவரே சொல்கிறார். அவர்களுக்குச் சகோதரர் இல்லை, அதனால் வந்து கேட்க முடிந்தது. இவளுக்கு மூன்று பேர் இருந்தார்கள்.

மறுநாள் முன்பணம் கொடுக்கவில்லை. பங்குப்பேரவையைக் கூட்டினோம். செய்தியைச் சொன்னதும் எல்லாரும் அதிர்ச்சி அடைவார்கள் என்று எதிர்பார்த்தோம். யாரும் அதிரவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வாரிசு விசாரணையின்போது சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் நம் பேரவை உறுப்பினர்தான். "அவ போயிட்டா சாமி, அவளுக்கு என்ன பங்கு" என்றார் ஒருவர். "எவன் சொன்னான்? அந்த டீக்கடைக்காரனா? அவனுக்கு என்ன வந்தது?" என்றார் இன்னொருவர். சென்ட்டுக்கு முப்பதாயிரம் குறைத்துக் கொடுத்த காரணம் அப்போதுதான் நமக்கு விளங்கியது. வங்கிக் கடனில் வாங்குகிறவனிடம் விற்றால் வங்கி வழக்கறிஞர் நாலு பேரை விசாரிப்பார். கோயில் கையில் பணம் வைத்திருக்கிறது, நம்பி வாங்கும்.

நாபோத்தின் கதை நமக்குத் தெரியும். அரசர்கள் முதல் நூல், 21-ஆம் அதிகாரம். ஆகாபு அரசன் திராட்சைத் தோட்டத்துக்கு ஆசைப்பட்டான், ஈசபேல் சூழ்ச்சி செய்தாள் என்று சிறுவயதிலிருந்தே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அந்த அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஆகாபு நாபோத்தைத் தொடவில்லை. ஈசபேல் அவனை நேரில் பார்த்ததாகக்கூட இல்லை. அவள் கடிதம் எழுதி, அரச முத்திரை வைத்து, ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்புகிறாள். நோன்பு அறிவித்ததும், பொய்ச்சாட்சி இருவரை உட்காரவைத்ததும், கல்லால் எறிந்து கொன்றதும், முடிந்தது என்று ஆள் அனுப்பியதும் நாபோத்தோடு ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள். நிலம் கைமாற இடையில் நின்றவர்கள் அவர்கள்தான். ஒருவராவது இரவு எட்டரை மணிக்கு நாபோத்தின் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் என்று நாம் நினைப்பதுண்டு. இறைவாக்கினர் எலியா வந்தது எல்லாம் முடிந்த பிறகு.

திருப்பூருக்கு ஆள் அனுப்பினோம். நம் அருள்சகோதரி ஒருவரும் அன்பியத்தைச் சேர்ந்த ஒரு வயதான பெண்ணும் போனார்கள். இலவசமாகவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள், எல்லாரும் கட்டித் தழுவினார்கள் என்று சொல்ல எங்களுக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. தன் பங்குப் பணத்தைக் கேட்டாள். 4 சென்ட்டுக்கு 2,80,000 ரூபாய். பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, வைத்தியத்துக்கு வேண்டும் என்றாள். அண்ணன்மார் ஒரு பைசா கிடையாது என்றார்கள். கோயில் தன் பணத்திலிருந்து கூடுதலாகக் கொடுக்கட்டும் என்று சிலர் சொன்னார்கள். நம்மிடம் அவ்வளவு இல்லை. பேச்சு மூன்று மாதம் இழுத்து முறிந்தது. கூடம் இரண்டு ஆண்டு கழித்து, ஊருக்கு வெளியே, 11 சென்ட்டில், அதிக விலையில் எழுந்தது. மழைக்காலத்தில் பிள்ளைகள் அங்கே நடந்து போவது சிரமம்தான். பீடி சுற்றும் பெண்களில் ஒருவர் இதை நம் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அண்ணாச்சி என்ன ஆனார்? அந்தக் குடும்பத்து உறவினர் எல்லாரும் அவருடைய கடையில் டீ குடிப்பதை நிறுத்தினார்கள். உள்ளதைச் சொல்லி வியாபாரத்தைக் கெடுக்கிறவன் என்று பெயர் பரவியது. ஏறத்தாழ ஓர் ஆண்டு அவரிடம் யாரும் நிலம் கொண்டுவந்து சொல்லவில்லை. தம்பி, நீங்கள் கேட்டீர்களே, தனியாகத் தெரிவது எப்படி என்று. அந்த ஓர் ஆண்டு அவர் நன்றாகத் தனியாகத் தெரிந்தார்.

பிறகு ஒருவர் இருவராக வந்தார்கள். விற்கிறவர்கள் அல்ல, வாங்குகிறவர்கள். பிள்ளை சவூதியிலிருந்து அனுப்பிய பணத்தை வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்ற தாய்மார்கள். "அண்ணாச்சி சரின்னு சொன்னா வாங்கலாம்." அவரும் லேசில் சரி என்று சொல்லமாட்டார். கோடையில் நிலம் பார்க்கவே கூட்டிப்போக மாட்டார். சித்திரை வெயிலில் எல்லா நிலமும் மேடுதான், ஐப்பசி கழியட்டும், தண்ணி எங்க நிக்கின்னு பாத்துட்டு அட்வான்ஸ் கொடுங்க என்பார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென்மாவட்டங்களில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. குளத்தின் மறுகால் போகிற வழியில் மனை வாங்கியிருந்தவர்கள் அன்றைக்குத்தான் தங்கள் வீடு எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுகொண்டார்கள். விற்றவருக்கு அது முன்பே தெரியாமல் இருந்திருக்குமா?

தரகர்களை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயம் ஆகாது. அவர்களைக் கெடுக்கிறவர்கள் பெரும்பாலும் நாம்தான். வீடு பார்க்க ஆள் வேண்டும், நாலு நாள் வண்டியில் அலைய வைப்போம், இடம் பிடித்ததும் அவருக்குத் தெரியாமல் வீட்டுக்காரரிடம் நேராகப் பேசி முடித்துக் கமிஷனை மிச்சம் பிடிப்போம். உழைத்தவருக்குக் கூலி மறுப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று திருச்சபை சொல்லிக்கொண்டே இருக்கிறது. டீக்கடைத் தரகருக்கு அது பொருந்தாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போட வழி சொல்லு என்று கேட்கிறவர்களும் நாம்தான். 7 விழுக்காடு முத்திரைத்தீர்வை, அதற்கு மேல் பதிவுக் கட்டணம், எல்லாம் கனமாகத்தான் இருக்கிறது. அதற்காக வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மீதி கையில் என்று பேசி முடிக்கிறோம். நிலத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று 2015 முதல் சட்டம் இருக்கிறது. வெள்ளையில் மட்டும் பேசுகிற தரகரைக் காட்டினால், அவர் சரிப்பட்டு வரமாட்டார் என்று அடுத்தவரிடம் போகிறோம்.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். வாடகைக்கு வீடு விடும்போது தரகரின் காதில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புகிறோமே, "நம்மாளுகளா பாத்துக் கூட்டிட்டு வாங்க" என்று. அவர் வருகிறவர்களிடம் "எந்த ஊரு, எந்தத் தெரு, அப்பா என்ன பண்றார்" என்று அன்பாக விசாரிப்பார். அவர் சாதியைத்தான் கேட்கிறார் என்று கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். பிறகு "வீடு நேத்துதான் முடிஞ்சு போச்சு" என்பார். அந்தப் பொய் அவர் வாயிலிருந்து வந்தாலும் அது நம் பொய். ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தில் பங்குகொள்கிறவர்கள் சொல்லி அனுப்புகிற பொய். திருப்பூர்ப் பெண்ணின் பெயரைச் சான்றிதழிலிருந்து எடுத்ததும் இதே கைதான்.

தம்பி, உங்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அண்ணாச்சி செய்ததை எந்தச் சட்டமும் அவரிடம் கேட்கவில்லை. ஒரு குடும்பத்தின் தனி நிலம் கைமாறும்போது 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அவரைத் தொடாது. குறையை மறைக்கக்கூடாது என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் விற்கிறவரைத்தான் கட்டுப்படுத்துகிறது. வில்லங்கச் சான்றிதழ் பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத உயிலையோ, வாய்ப்பேச்சில் நடந்த பாகப்பிரிவினையையோ, ஒதுக்கிவைத்த மகளையோ காட்டாது. அவற்றை அறிந்தவர் உள்ளூரில் இருக்கும் தரகர் ஒருவர்தான். அவரிடம் விற்பனைக்கு உண்மையில் இருப்பதே அந்த அறிவுதான். முன்பணம் கைமாறுவதற்கு முந்தின இரவு அதைச் சொல்வதா, மறுநாள் கமிஷனோடு சேர்த்து மடியில் முடிந்துகொள்வதா என்பது அவர் கையில் இருக்கிறது. அந்த விதவைப் பெண்ணிடம் அனுமதி வரவில்லை என்று நீங்கள் சொன்னீர்களா என்று நாம் இன்னும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு மரத்தடியில் நிற்போம்.

நம்முடைய பாக்கி ஒன்றும் இருக்கிறது. நிலம் முறிந்த பிறகு நடந்த பேரவைக் கூட்டத்தில், திருப்பூருக்குப் போய்வந்த அந்த வயதான பெண் எழுந்து, அண்ணாச்சிக்குக் கமிஷனைக் கொடுத்துவிடலாம் என்றார். "கோயிலைப் பெரிய பாவத்திலேர்ந்து காப்பாத்தியிருக்காரு, அதுக்குக் கூலி கெடையாதா?" என்று கேட்டார். விற்காத நிலத்துக்கு யாராவது கமிஷன் கொடுப்பார்களா, தணிக்கையில் என்ன சொல்வது என்று மற்றவர்கள் கேட்டார்கள். தலைமை தாங்கிய நாம், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றோம். அடுத்த கூட்டத்தில் திருவிழாச் செலவு வந்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமசுக்கு ஒரு கேக் அனுப்பினோம்.

மாற்றலாகிக் கிளம்பியபோது கணக்குப் புத்தகங்களை அடுத்து வந்த குருவிடம் ஒப்படைத்தோம். அந்த 16,800 ரூபாய்க்கு அதில் ஒரு வரியும் இல்லை. பேருந்து வர நேரமிருந்தது. அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து டீ குடித்தோம். காசை நீட்டினோம், அவர் வாங்கவில்லை.